மாமி இருமிய படம்

பஸாலுக்கு மனைவி நிஹ்லாவின் வீட்டில் சொந்தமாக ஒரு ஆணிகூட இல்லை. கலியாணம் முடிந்து இரண்டு மாதமாகியும் அவனுடைய சட்டைகள் கதிரையின் முதுகில்தான் தொங்கின. மற்ற உடுப்பெல்லாம் தன் ஊர் மாவடிப்பள்ளியிலிருந்து கொண்டுவந்த பயணப் பைக்குள்ளேயே மடித்தபடி இருந்தன. காலையில் பையைத் திறப்பான், ஒன்றை எடுப்பான், சிப்பை இழுத்து மூடிவிடுவான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், இவர் எப்போது கிளம்பப் போகிறாரோ என்று நிஹ்லாவுக்கு நெஞ்சு திடுக்கிடும்.

கல்முனைக்குடியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வதுதான் வழக்கம். நிஹ்லாவின் வாப்பாவும் அப்படித்தான் செய்தார். முன் அறைகளை மகளுக்கு விட்டுவிட்டு, அவரும் நிஹ்லாவின் தாய் சபியா உம்மாவும் குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. சட்டியிலே நல்ல மீன் துண்டு மருமகனுக்குத்தான். ஆனால் மாமி மருமகன் முன்னால் வரமாட்டார், கதைக்கவும் மாட்டார். ஹோலைக் கடந்து போகவேண்டி வந்தால் குசினி வாசலில் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்று ஒரு தரம் இருமுவார். பஸால் எழுந்து விறாந்தைக்குப் போய்விடுவான். நிஹ்லா இல்லாத நேரம் தேத்தண்ணி ஆறிப்போகிறது என்ற செய்தியைக்கூட மாமி சுவரிடம்தான் சொல்வார்.

மரியாதை கூடிப்போனால் மனிதன் வாடகைக்கு இருப்பவன் போல ஆகிவிடுகிறான். பஸால் தன் போன் கடையைப் பூட்டியதும் மாவடிப்பள்ளியில் தன் உம்மா வீட்டுக்குப் போய், தம்பியோடு படம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவான். நிஹ்லா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அவன் காலை நீட்டி இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, படத்தை இங்கேயே கொண்டுவந்து போடச் சொன்னாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, வாப்பா குறட்டை விடத் தொடங்கியதும் பஸால் பழைய டிவிடி பிளேயரை டீவியோடு மாட்டினான். படம் பிரெஞ்சுப் படம். அவனுடைய கூட்டாளி நிலக்சனின் அண்ணன் பாரிசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தட்டு. மன்னர் காலத்துக் கதை. மலையடியில் ஒரு கோட்டை, அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். பனிமூட்டம் இறங்கினால் ஒரு மிருகம் வருகிறது. காட்டுப்பன்றியின் மூஞ்சி, முதுகெல்லாம் முள். அதைப் பிடிக்க மன்னர் ஒருவனை அனுப்புகிறார். அவன் பொய்முடியும் சரிகைக் கழுத்துப்பட்டியுமாக வந்து, கராத்தேக்காரனைப் போல ஆகாயத்தில் சுழன்று அடிக்கிறான். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரனுக்கு இந்த அடியெல்லாம் யார் பழக்கியது என்று நிஹ்லா கேட்டாள். அதைக் கேட்டால் படம் பார்க்க ஏலாது என்றான் பஸால்.

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நிஹ்லாவுக்கும் வாசிக்கத் தெரியும். ஆனாலும் பஸால் தன் வீட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு மாதத்தில் அவன் அந்த வீட்டில் இவ்வளவு கதைத்ததே இல்லை. குரலை மாற்றி மாற்றி, கையை வீசி, கோட்டைக்காரராகவும் வேலைக்காரியாகவும் அவனே ஆனான். நிஹ்லா படத்தைவிட அவனைத்தான் அதிகம் பார்த்தாள்.

சண்டை வந்ததும் அவன் வாய் நின்றது. அடிக்கு என்ன மொழிபெயர்ப்பு?

திரைக்குப் பின்னால் ஒரு இருமல்.

பஸால் சத்தத்தைக் குறைத்தான். இன்னொரு இருமல். நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்றாவது இருமல் சற்றுக் கோபமாகவே கேட்டது. மிருகம் கோட்டைக் கதவைத் தடதடவென்று இடித்து உடைக்கிற நேரம் பார்த்து அவன் டீவியை நிறுத்தினான். மாமிக்கு இது பிடிக்கவில்லை என்று நிஹ்லாவின் காதோடு சொன்னான். பிளேயரை வயரோடு சுருட்டி எடுத்துக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை குசினியில் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த சபியா உம்மா, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கதவ உடைச்சிட்டு உள்ள வந்துட்டா அது?"

நிஹ்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நீங்கதானே உம்மா இருமி நிப்பாட்டின."

"நான் எங்க நிப்பாட்டின? கதைய விட்டுட்டு அவர் சும்மா இருந்தா எனக்கு என்னெண்டு விளங்கும்? சொல்லுங்க எண்டுதானே இருமினன்."

மருமகனிடம் கேட்டுச் சொல்லும்படி உம்மா மகளைக் கெஞ்சினார். நிஹ்லா மறுத்துவிட்டாள். இருமினது நீங்கள், இருமலுக்குப் பொருள் சொல்வதும் நீங்களாகவே இருக்கட்டும் என்றாள். மருமகனோடு எப்படிக் கதைப்பது, ஊர் என்ன சொல்லும் என்று உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அந்தக் கிழமை முழுக்கக் கறிக்கு உப்புக் கூடியும் குறைந்தும் வந்தது. மிருகத்தை யாரோ வளர்க்கிறார்கள் என்பதுவரை படத்தில் வந்திருந்தது. கோட்டைக்காரரின் விதவைத் தங்கைதான் ஆள் என்று உம்மா முடிவு கட்டியிருந்தார். விருந்து வைத்தவள் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸால் சாப்பிட்டுக் கை கழுவி, மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தான். நிஹ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது திரை ஆடியது. இருமல் வரும் என்று அவன் விறாந்தைக்கு நகர்ந்தான். இருமல் வரவில்லை.

"மருமகன்."

பஸால் நின்ற இடத்திலேயே நின்றான். அந்தக் குரல் சுவருக்குச் சொன்னது அல்ல.

"அந்த மிருகத்த வளக்கிற ஆரு?"

அவன் நிஹ்லாவைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். படத்தின் முடிவு அவ்வளவு நல்லதில்லை மாமி என்று தடுமாறிச் சொன்னான். பரவாயில்லை, கொண்டுவந்து போடுங்க என்று பதில் வந்தது. மாவடிப்பள்ளிக்குப் போய் வர இவ்வளவு கொஞ்ச நேரம்தான் செல்லும் என்று நிஹ்லாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தத் தரம் அவன் டீவியைக் குசினிப் பக்கம் திருப்பி வைத்தான். திரைக்குப் பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. சண்டையைக்கூட விடாமல் சொன்னான்: இப்ப இடது காலால அடிக்கிறான், இப்ப மேசைக்கு மேலால பாய்றான். இவ்வளவு பாய்ந்தும் பொய்முடி விழவில்லையே என்று திரை வியந்தது.

கடைசிக் காட்சி நெருங்க நெருங்க பஸாலின் குரல் தேய்ந்தது. நிலவறைக் கதவு திறந்தது. மிருகத்துக்கு இறைச்சி போடும் கை தெரிந்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

"வளத்தது... தோட்டக்காரன், மாமி."

நிஹ்லா கீழே ஓடிய எழுத்தை வாசித்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள். தோட்டக்காரனுக்கு ஏது வெல்வெட் சட்டை? திரைக்குப் பின்னால் மெல்ல ஒரு இருமல் கேட்டது.

"கோட்டைக்காரர்ர மருமகன்," என்றான் பஸால், தரையைப் பார்த்து. "வீட்டோட வந்து இருந்தவர்."

படம் ஓடிக்கொண்டிருந்தது. பொய்முடிக்காரன் வாளை நீட்டிக் காரணம் கேட்டான். மருமகன் சொன்னதைப் பஸால் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னான். இத்தனை வருசமாக மேசையின் கடைசியில் அவனை இருத்தினார்கள். நல்ல இறைச்சி கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இந்த மிருகம்தான் அவன் குரலுக்குத் திரும்பிப் பார்த்ததாம்.

படம் முடிந்தது. உள்ளே கதிரை நகர்ந்தது. அலுமாரி இழுப்பறை ஒன்றைக் கிளறும் சத்தம் வந்தது. மாமி கோபித்துக்கொண்டார் என்று பஸால் பிளேயர் வயரைக் கழற்றக் குனிந்தான்.

திரை விலகியது. முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டபடி சபியா உம்மா வாசற்படியில் நின்றார். ஒரு கையில் சுத்தியல், மற்றக் கையில் ஒரு பிடி ஆணி.

"அத அங்கயே வைங்க மகன்," என்றார். "அந்தக் கோட்டையில அவருக்கு ஒரு ஆணியாவது அடிக்கக் குடுத்திருக்கணும்."

அவன் அடித்த முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது சுவர்ப் பூச்சைப் பெயர்த்தது. அந்தச் சத்தத்தில் எழும்பி வந்த வாப்பா புதுச் சுவரைப் பார்த்து வாயைத் திறந்தார். சபியா உம்மா அவரைப் பார்த்து இருமினார். வாப்பா விறாந்தைக்குப் போய்விட்டார்.

நிஹ்லா அறைக்குள் போய்ப் பயணப் பையின் சிப்பைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள்.