ஊதிப் பார்த்த வால்வு

நல்லேப்பிள்ளியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுதுபார்க்கும் பொங்கியண்ணனுக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. ஆயுதபூசை முடிந்த மறுநாள், கிடார் வாசிக்கும் கௌசிக் சித்தூரிலிருந்து வந்து, சோதித்து வைக்கச் சொல்லியிருந்த பன்னிரண்டு வால்வுகளைக் கேட்டான். எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் எண் இல்லை. பழைய ஆம்ப்ளிபயர் வால்வு பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழல்; அதன்மேல் அச்சிட்ட எண், ஈரத்துணி பட்டாலே போய்விடும். எண் போனால் எது எதென்று தெரியாது. மாற்றிச் செருகினால் கௌசிக்கின் ஆம்ப்ளிபயர் புகைந்துபோகும்.

பூசைக்காக மீட்டர் முதல் திருப்புளி வரை துடைத்துப் பொட்டு வைத்தவள் மனைவி செல்வலட்சுமி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கேள்வியில்லை, விசாரணையில்லை, கௌசிக் முன்னாலேயே கத்தினார்.

"மாட்டைக் கழுவற மாதிரி இதையுமா கழுவுவ? அறிவுகெட்டவளே, இனி இந்தப் பக்கம் காலு வெக்காத."

அவள் கௌசிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவன் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் ஒன்பது நாள் அவள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையவில்லை. டீயை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். பொங்கியண்ணன் வால்வுகளோடு மல்லுக்கட்டினார். அடியிலுள்ள கம்பிக் கால்களை எண்ணி, உள்ளிருக்கும் தகடுகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, ஏழு வால்வுகளை இனங்கண்டுவிட்டார். மீதி ஐந்துக்கு ஒரே வழிதான் இருந்தது. கண்ணாடியில் "ஹா" என்று வாய்க்காற்றை ஊதினால், அழிந்த எழுத்து அந்த ஆவியில் ஒரு நொடி தெரியும்.

முதல் வால்வில் ஈ.சி.சி. 83 என்று தெரிந்தது. அடுத்ததை ஊதியபோது எண்ணோடு சேர்ந்து மூன்று விரல் கோடுகளும் தெரிந்தன. கீழ்க்கோடு மட்டும் பாதியில் நின்றது. மோட்டார் பெல்ட்டில் நுனி போன மோதிர விரல் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான். பூசையன்று குளித்துவிட்டு வந்து, தோளில் கிடந்த ஈரத்துண்டால் பன்னிரண்டையும் துடைத்துத் திருநீறு பூசியது அவரேதான், மறந்தே போயிருந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேவலமான நினைப்பு ஒன்றும் வந்தது: கண்ணாடியைத் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? துண்டை எடுத்தும்விட்டார். துடைக்கத்தான் கை வரவில்லை.

மறுநாள் கௌசிக் வந்ததும் செல்வலட்சுமியைக் கூப்பிட்டார். திட்டியது அவன் முன்னால் என்றால், ஒப்புக்கொள்வதும் அவன் முன்னால்தானே.

"நாந்தான் துடைச்சேன் புள்ள. என்ர கைதான். உம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"எப்பத் துடைச்சேன், எதுல துடைச்சேன்னு ஒம்பது நாளா நெனச்சு நெனச்சுப் பாத்தனுங்க," என்றாள். "கடைசில நாந்தான் துடைச்சேன்னு எனக்கே நெனப்பு வந்துருச்சுங்க. பச்சைத் துணின்னுகூட வந்துருச்சு."