ஒரே ஆணியில் எல்லாச் சாவியும்

சின்னவளுக்குக் கல்லூரியில் எந்தப் பாடம் நடந்தாலும் அடி விழுவது வீட்டுக்குத்தான். டேட்டா ஸ்ட்ரக்சர் நடந்தபோது துணி அலமாரியைக் கிளை கிளையாகப் பிரித்து அடுக்கினாள். அப்பா கைக்கு அகப்பட்ட சட்டையோடு அலுவலகம் போனார். ஆப்பரேட்டிங் சிஸ்டம் நடந்தபோது குளியலறைக்கு முறை வைத்தாள். ஆளுக்கு ஐந்து நிமிடம். முடியாவிட்டால் வெளியே வந்து மறுபடி வரிசை. அண்ணன் தலையில் சோப்பு நுரையோடு நின்றான்.

இந்தப் பருவம் டேட்டாபேஸ். ஒரு தகவல் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், பல இடத்தில் இருந்தால் என்றாவது ஒன்றுக்கொன்று முரண்படும் என்று மேடம் சொன்னது மனதில் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது. வாசல் சாவி வீட்டில் நாலு. அம்மாவிடம், அண்ணனிடம், மாடிவீட்டுச் சித்தியிடம், செருப்பு அலமாரியில். எல்லாவற்றையும் வசூலித்துச் சமையலறையில் ஒரே ஆணியில் மாட்டினாள். சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அதே சூட்டில் தன் புராஜெக்டின் பிரதிகளையும் அழித்தாள். லேப்டாப்பில் இருப்பது போதும்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று, கல்லூரி வண்டி சீக்கிரமே வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்கு ஓடினாள். அம்மாவும் அப்பாவும் வழியனுப்பப் பின்னாலேயே வந்தார்கள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. லேப்டாப் சாப்பாட்டு மேசையில் இருந்தது. சாவிகள் மிக ஒழுங்காக ஆணியில் இருந்தன.

"இப்ப என்ன பண்ணலாம் விஞ்ஞானி?" என்றார் பனியனோடு நின்ற அப்பா.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சித்தி, தன்னிடம் ஒரு சாவி இருந்த காலத்தைப் பற்றி நிதானமாகப் பேசினாள்.

புராஜெக்டைக் காட்டாவிட்டால் பாடம் போகும்; பாடம் போனால் பட்டம் தள்ளிப்போகும். முன்பே ஆபீஸ் போய்விட்ட அண்ணனைக் கையிலிருந்த ஃபோனில் அழுதபடி கூப்பிட்டாள்.

"அழாத. சாவி என்கிட்டதான் இருக்கு, வர்றேன்."

"அதான் குடுத்துட்டியே."

"அது ஆபீஸ் மேசை சாவி. உன் வாயை அடைக்கக் குடுத்தேன்."

வந்தான், திறந்தான். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வைவாவில் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதான்: ஒரே தகவலைப் பல இடத்தில் வைத்தால் என்ன கேடு? மடமடவென்று ஒப்பித்தாள். உதாரணம் கேட்டார்.

"எங்க வீட்டு ஆணியில ஒரு வாசல் சாவி தொங்குது சார். ஆனா அது வாசலைத் திறக்காது."

அவருக்கு ஒரே சந்தோஷம். பொய்த் தகவல் எவ்வளவு ஆபத்து என்று பக்கத்திலிருந்தவருக்கும் விளக்கிவிட்டு முழு மதிப்பெண் போட்டார். சின்னவள் தலையாட்டினாள்.

திரும்பும் வழியில் புதிதாக ஒரு சாவி வெட்டி வாங்கினாள். தலையைக் குனிந்தபடி சித்தியிடம் நீட்டினாள். சித்தி அதை வாங்கி, தன் சுவரில் ஏற்கெனவே தொங்கிய அதே மாதிரிச் சாவிக்குப் பக்கத்தில் மாட்டினாள். இன்னொன்று வெட்டி வைத்துக்கொண்டுதான் அன்றைக்குக் கொடுத்திருக்கிறாள்.

"காலையில ஏன் சித்தி சொல்லல?"

"நீ வாய் திறந்து கேக்கிறியான்னு பாத்தேன். அதுக்குள்ள உங்க அண்ணன் வந்து கெடுத்துட்டான்."