கிழிந்தது என்ற சொல்

கவிஞரின் கூடத்தில் மாட்டியிருந்த ஒன்பது ஓவியங்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒன்பதிலும் அவர்தான். பெயர்ப்பலகை எழுதும் அவருடைய கணவர், புத்தகத்துக்கு ஒன்றாக, மிஞ்சிய பெயின்டில் வரைந்தவை. இப்போது சுவரெங்கும் கொண்டைகள் மட்டுமே தெரிந்தன. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன பொய் எழுதின?" என்று கேட்டார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. தன்னைப் பற்றி எதையும் ஒளிக்காமல் எழுதுபவர் என்றுதான் கவிஞருக்குப் பெயர். மாமியாரின் மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே மிதித்தது, எதிர்வீட்டுத் தையல்காரர்மேல் இரண்டு மாதம் மையல் கொண்டது எல்லாம் அச்சேறிவிட்டன. தையல்காரர் அந்தப் புத்தகத்தில் நான்கு பிரதிகள் வாங்கினார். ஒருமுறை வயதில் இரண்டைக் குறைத்து எழுதியபோது ஒரு படம் மட்டும் லேசாகத் தலையைச் சாய்த்தது. ஒன்பதும் சேர்ந்து திரும்பியது இதுதான் முதல் தடவை.

அன்று எழுதியது தங்கையைப் பற்றி. இருபத்தாறு வருடங்களுக்கு முன் வெளியூர் வேலை ஒன்றுக்குத் தங்கைக்கு வந்த நியமனக் கடிதம் 'கிழிந்தது' என்று எழுதியிருந்தார். கிழித்தவரே அவர்தான். தங்கை போய்விட்டால் மனம்விட்டுப் பேச ஆளில்லையே என்ற பயம். தங்கை உள்ளூர் அச்சகத்திலேயே பிழை திருத்தும் வேலைக்குப் போய், அக்காவின் புத்தகங்கள் அத்தனையையும் திருத்தினாள். உண்மையை எழுதினால் முதலில் படிக்கப்போவதும் அவள்தான். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்று வாரம் கவிஞர் சரியாகத் தூங்கவில்லை. மீட்டர் பார்க்க வந்தவர்கூடக் கொண்டைகளைப் பார்த்து, "இன்னும் சரியாகலையாம்மா?" என்று விசாரித்தார். கடைசியில் தைரியம் வராமல், பொய்யோடு அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

திருத்திய தாளைத் தங்கையே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். 'கிழிந்தது' என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில், அவளுடைய குண்டுக் கையெழுத்தில், 'கிழித்தேன்'.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"அன்னிக்குக் குப்பை கொட்டினது நான்தானேக்கா. நாலே துண்டு. ஒட்டி எடுத்துட்டுக் கிளம்பலாம்னுதான் இருந்தேன். நீ நாள் முழுக்கச் சாப்பிடாம உட்கார்ந்திருந்தே. மனசு வரலை."

கவிஞர் வாய்விட்டு அழுதார். "ஒரு எழுத்துப் பிழை, அவ்வளவுதான். விடு" என்றாள் தங்கை.

படங்கள் திரும்பின, ஆனால் பழைய இடத்துக்கு அல்ல. தங்கை எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒன்பது பேரும் அந்தப் பக்கமே பார்க்கிறார்கள். அவளுக்கும் பழகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருத்துகிறாள்.