ஒரு ‘லாம்’ விட்டுப்போனது

ஏனக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் என்றாலே வேப்பங்காய்தான். வானொலி நிலையத்து இயக்குநர் அறிவியல் நிகழ்ச்சியை அவள் தலையில் கட்டியதே அதனால்தான். “உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி” என்றார். அது புகழ்ச்சியா, குத்தலா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. யாராவது ஒரு ஆராய்ச்சியாளரை எதிரே உட்காரவைத்து, புரியாத சொல் வந்த இடத்திலேயே நிறுத்தி, “ஏன்? எப்படி? அப்படின்னா?” என்று குடைவாள். அதைப் பதிவு செய்து சனிக்கிழமை காலையில் ஒலிபரப்புவார்கள். எரிமலைக்காரர், எறும்புக்காரர், தூக்கத்தைப் பற்றிப் பேசவந்து தானே கொட்டாவி விட்டவர் என்று நாலு வருஷத்தில் எத்தனையோ பேரைக் குடைந்தாயிற்று. ஏனக்கா என்பது நேயர்கள் வைத்த பெயர். வீட்டில் கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அவளுக்குப் பிடிகொடுக்காமல் நழுவிய முதல் ஆள் மீன் டாக்டர்.

மீன் டாக்டர் மீனுக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் தண்டுவடத்தை ஆராய்பவர். சுண்டுவிரல் நீளம்கூட வராத ஒரு வகை மீனுக்குத் தண்டுவடம் அறுந்துபோனாலும் இரண்டு மாதத்தில் மறுபடி வளர்ந்துவிடும். மீன் நீந்தத் தொடங்கிவிடும். மனிதருக்கு வளர்வதில்லை. ஏன் என்று பதினெட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். ஏனக்கா நடையாய் நடந்துதான் அவரைப் பதிவறைக்கு வரவழைத்தாள்.

வந்தவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். “குறிப்பிட்ட ஆய்வகச் சூழலில், வரையறுக்கப்பட்ட அளவில், முதற்கட்டமாக...” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஏனக்கா எந்தக் கேள்வியைப் போட்டாலும் அந்த நாலு பக்கத்திலிருந்தே பதில் வந்தது. கடைசியில் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

“மேடம், நேயர்கள் எல்லாரும் கேக்க நினைக்கிறதை நான் கேக்கறேன். ஒரு நாள் மனுஷங்களும் இந்த மீன் மாதிரி...”

மீன் டாக்டர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “மன்னிக்கணும். என்னால முடியாது” என்று எழுந்து போய்விட்டார். மூக்குக்கண்ணாடி மேசையிலேயே கிடந்தது.

ஏனக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. “படிச்ச திமிருண்ணே” என்றாள். ஒலிப்பதிவாளர் எதற்கும் அவசரப்படாத ஆள். “திமிரு பிடிச்சவங்க கண்ணாடியை மறந்துட்டு ஓட மாட்டாங்கம்மா” என்றார்.

மறுநாள் கண்ணாடியைக் கொடுக்கிற சாக்கில் ஆய்வகத்துக்குப் போனாள். நீளமான அறை. தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், எங்கும் தண்ணீர் சொட்டுகிற சத்தம். மீன் டாக்டர் பழைய செருப்பும் நனைந்த மேலங்கியுமாக இரை போட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. மீன்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

“நேத்துவரைக்கும் வாலைத் தூக்க முடியல, இன்னைக்கு என்னடா இந்த ஆட்டம்? மெதுவா. உள்ள இப்பதான் பாலம் கட்டியிருக்கு. அந்தப் பக்கத்து நரம்பும் இந்தப் பக்கத்து நரம்பும் கை குலுக்கறதுக்குள்ள நீ ஓட்டப்பந்தயத்துக்குக் கிளம்பிட்டியா?”

ஏனக்காவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. “மேடம், நேத்து நாலு பக்கத்துல புரியாதது நாலு வரியில புரிஞ்சுபோச்சு. இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?”

மீன் டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். போகச் சொல்லிவிடுவார் என்றே ஏனக்கா நினைத்தாள். அவரோ கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். மேலே ஒரு பத்திரிகைத் துண்டு, பத்து வருஷத்துக்கு முந்தியது. ‘முடங்கியவர்கள் நடப்பார்கள்.’ கீழே அவர் படம்.

“நான் ‘ஒரு காலத்துல நடக்கலாம்’னு சொன்னேன். அவங்க ‘லாம்’ஐ விட்டுட்டாங்க” என்றார்.

அதற்குக் கீழே எல்லாம் கடிதங்கள். எங்கே வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்று கேட்டவை. சிலவற்றில் எக்ஸ்ரே படம் இணைத்திருந்தது.

“ஒருத்தர் கடிதம் போடல, நேரா வந்துட்டார். கூடவே பன்னெண்டு வயசுப் பொண்ணு, சக்கர நாற்காலியில. மாடியிலிருந்து விழுந்ததாம். செய்தியைப் பார்த்துட்டு, அவளுக்குக் குடுத்த உடற்பயிற்சியை நாலு மாசமா நிறுத்திட்டாராம். ‘அழறாம்மா. எப்படியும் சரியாகப்போகுதே, எதுக்குக் குழந்தையை வதைக்கணும்னு விட்டுட்டேன்’னார். அதுக்குள்ள அவளுக்கு முழங்கால் மடங்கினபடியே இறுகிப்போச்சு. அந்த மனுஷர்கிட்ட நான் என்ன சொல்ல?”

ஏனக்கா ஃபைலை மூடி இரண்டு கையாலும் கொடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கான்னு விசாரிச்சீங்களா?” என்றாள்.

“நம்பர் இருக்கு. தைரியம் இல்ல.”

“நான் வேணா...”

“வேண்டாம்” என்று மீன் டாக்டர் சட்டென்று சொன்னார்.

நாலாம் நாள் அவரே போன் செய்தார். “வியாழக்கிழமை மைக்கை எடுத்துட்டு இங்க வாங்க. அந்தப் பொண்ணை நானே கூப்பிட்டுப் பேசினேன், அவளும் வர்றா. ஆனா கேள்வி அவதான் கேப்பாளாம். நீங்க பேசக்கூடாதாம்.”

வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது ஏனக்காவுக்குப் பிறவியிலேயே வராத கலை. இருந்தாலும் ஒப்புக்கொண்டாள்.

பெண்ணுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பஸ் கம்பெனியில் போனில் முன்பதிவு செய்துகொடுக்கும் வேலை. அதனால் குரல் கணீரென்று இருந்தது. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். அப்பா உள்ளே வரவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஒலிப்பதிவாளர் தலையசைத்ததும் அவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள். “மேடம், என் வாழ்நாள்ல நான் நடப்பேனா?”

தொட்டிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏனக்காவின் வாய்வரை ஆறுதல் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தெரியாதும்மா” என்றார் மீன் டாக்டர். “எனக்கு என்ன தோணுதுன்னு கேட்டா, இந்த வழியில உனக்கு நடக்காதுன்னுதான் தோணுது. மீனுக்குக் காயம் பட்ட இடத்துல பாலம் கட்டுது. நமக்கு அதே இடத்துல தழும்பு சுவர் மாதிரி நிக்குது. அந்தச் சுவர்ல எங்க ஓட்டை போடறதுன்னு நாங்க இன்னும் தடவிக்கிட்டுதான் இருக்கோம்.”

பெண் நாற்காலியை ஒரு அடி முன்னே உருட்டினாள். “பத்து வருஷமா இதை யாரும் என்கிட்ட நேரா சொன்னதில்ல. எல்லாரும் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’தான். சரி, அந்த மீனைக் காட்டுங்க.”

காட்டினார். நாற்காலிக்கு எட்டும் உயரத்துக்கு ஒரு தொட்டியைக் கீழே இறக்கிவைத்தார்கள். பெண் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள். “பழைய மாதிரியே நீந்துமா?”

“இல்ல. கொஞ்சம் கோணலாத்தான் போகும்.”

“அதுக்கு அது கோணல்னு தெரியுமா?”

மீன் டாக்டர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். “இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார். பிறகு இருவரும் சிரித்தார்கள். அப்புறம் முக்கால் மணிநேரம், மீன் வலியை உணருமா, அதை அறுக்க உங்களுக்கு மனசு வருதா, சுண்டெலிக்கு ஏன் மீன் மாதிரி வளர்றதில்லை என்று பெண் அடுக்கிக்கொண்டே போனாள். மீன் டாக்டர் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. அறுப்பதற்கு முன் மயக்கமருந்து கொடுப்பதையும், முதல் வருஷம் அந்த வேலை முடிந்த நாட்களில் சாப்பாடு இறங்காததையும் மறைக்காமல் சொன்னார்.

பதிவு முடிந்ததும் அவர் வராந்தாவுக்குப் போனார். ஏனக்கா மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கதவருகிலேயே நின்றுகொண்டாள். அப்பா எழுந்து கைகூப்பினார்.

“அந்த நாலு மாசம் நான் விடாம செய்யவெச்சிருந்தா, அவ கால் நேராவாவது இருந்திருக்கும்ல?”

“இருந்திருக்கலாம்” என்றார் மீன் டாக்டர். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “ஆனா அந்தச் செய்தியை நம்பினது உங்க தப்பில்லங்க. அது தப்புன்னு அடுத்த நாளே நான் கத்திச் சொல்லியிருக்கணும். பயந்து வாயை மூடிக்கிட்டேன்.” இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஏனக்கா கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

இயக்குநர் பதிவைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார். “பிரமாதம்! ‘முடங்கியவர்களுக்குப் புது நம்பிக்கை’ன்னு விளம்பரம் போடுவோம்.”

“போட்டா நான் இந்த நிகழ்ச்சியில இல்ல சார்” என்றாள் ஏனக்கா. நாலு வருஷத்தில் அவள் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் முணுமுணுத்தார், கேட்பவர் குறைவார்கள் என்றார், கடைசியில் இறங்கி வந்தார். ‘அறுந்த தண்டுவடம்: மீனுக்கு வளர்கிறது, நமக்கு ஏன் இல்லை?’ என்று போட்டார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் அரைமணிநேரம் நேயர்களின் அழைப்புக்கு மீன் டாக்டரே நேரலையில் பதில் சொல்வது என்றும் ஏற்பாடு. அது அவராகவே கேட்டது.

சனிக்கிழமை முதல் அழைப்பு ஒரு லாரி ஓட்டுநருடையது. சண்டைக்கு வந்தவர் மாதிரிப் பேசினார். “பதினெட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணிட்டு, தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ரேடியோவுக்கு வரணும்?”

ஏனக்கா பதறி மைக் பக்கம் குனிந்தாள். மீன் டாக்டர் அவள் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினார்.

“நியாயமான கேள்விங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தானே பேசறீங்க? அப்ப சொல்றேன், கேளுங்க” என்று நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.