பதினோரு மணிக் குளியல்

எஸ்தர் தண்ணீரில் படுத்துவிட்டாள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, முதுகில் கெசியாவோடு, சாவகாசமாக முன்னங்கால்களை மடக்கி, பிறகு பின்னங்கால்களை மடக்கிப் படுத்தாள். தடைக் கம்புக்குக் கீழே நீலத் தொட்டியில் இருந்தது நாலு விரல் தண்ணீர்தான். அதைத் தாண்ட வேண்டும். இவள் அதில் புரளப் பார்த்தாள். கெசியா எகிறிக் குதித்திராவிட்டால் கால் போயிருக்கும். மணி அடித்து வெளியே அனுப்பினார்கள்.

இது இரண்டாவது போட்டி. முதல் போட்டியிலும் இதே கதைதான்.

திரும்பும்போது குதிரையை ஏற்றிய வேன் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டது. தனசிங் அப்போதுதான் வாயைத் திறந்தார். நெடுங்குன்றம் பக்கம் தடை தாண்டும் குதிரைகளை வளர்க்கும் பண்ணை அவருடையது. கெசியா அவர் மகள். பின்சீட்டில் இருந்த குப்பம்மா லாயத்து வேலைக்காரி.

"இன்னும் ஒரே ஒரு சான்ஸ். அடுத்த மாசமும் படுத்துச்சுன்னா பொழிச்சலூர் ரவிகிட்ட குடுத்துடுவேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டுக்கிட்டே இருக்கான்."

"வாணாம் சார்," என்றாள் குப்பம்மா. "வெடிச் சத்தம் அதுக்கு ஆவாது."

"எல்லாம் உன்னாலதான். எருமைகூட வளர்த்தா எருமையாத்தான் வரும்."

"இன்னா சார் பேசற? நானுந்தான் எரும பாலு குடிச்சி வளந்தேன். தண்ணி கண்ட எடத்துலல்லாம் படுத்துக்கினேனா?"

கெசியா சிரித்துவிட்டாள். அப்பா முறைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குப்பம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். பதினைந்து வருஷம் தலையில் மீன் கூடை சுமந்து, கழுத்து மக்கர் செய்த பிறகு பண்ணைக்கு வந்தாள். எஸ்தர் பிறந்த ஒன்பதாம் நாள் தாய்க்குதிரை வயிற்றுவலியில் செத்தது. குட்டியைத் தனியே விட்டால் சுவரில் முட்டிக்கொண்டது. மற்றக் குதிரைகளிடம் விட்டால் உதை வாங்கியது. கடைசியில் குப்பம்மா தன் எருமை பெரியவளை ஓட்டிவந்து பக்கத்தில் கட்டினாள். குட்டி அன்றே அடங்கியது.

பெரியவள் தினமும் பத்தரை மணிக்குக் குட்டைக்குப் போவாள். குட்டி பின்னாலேயே போகும். உச்சிப்பொழுதுவரை இரண்டும் கழுத்தளவு சேற்றில் உட்கார்ந்திருக்கும். அதைப் படமெடுத்துத் தனசிங்கே போனில் ஸ்டேட்டஸாக வைத்து ஊருக்கெல்லாம் காட்டியவர். குட்டிக்கு நாலு வயதாகியும் பழக்கம் மாறவில்லை; போட்டிக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பண்ணையில் காலை ஆறு மணிப் பயிற்சியில் அதே தொட்டியை எஸ்தர் ஒருநாளும் தப்பாமல் தாண்டினாள். போட்டியில்தான் படுத்தாள். கூட்டத்தைப் பார்த்து மிரளுகிறது என்றார் தனசிங். மிரண்ட குதிரை படுக்குமா என்று கேட்டாள் குப்பம்மா.

மூன்றாவது போட்டிக்குக் கெசியா விடியுமுன்பே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, பிடரியைப் பதினான்கு பின்னலாகப் பின்னி, குளம்புக்கு எண்ணெய் தடவினாள். எஸ்தரின் முறை கடைசியில் விழுந்தது. பதினொன்றரை மணி. ரவியும் வந்திருந்தான், கையில் அளவு நாடாவோடு. ஊர்வலக் குஞ்சம் கட்டத் தலையை அளக்க வேண்டுமாம்.

"ரொம்ப சாது," என்றார் தனசிங். "எங்க நிறுத்தினாலும் நிக்கும்." படுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்தரை ஆனது. எஸ்தர் வாளியைக் காலால் தட்டிக் கவிழ்த்தாள். நனைந்த தரையை மோந்து பார்த்து முட்டி மடக்கினாள். குப்பம்மா கயிற்றைச் சுண்டி நிமிர்த்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பாப்பா, மணி பாரு. இது குளிக்கிற டைமு. போன வாட்டியும் பதினோரு மணி. அதுக்கு முந்தியும் பதினோரு மணி. மெரளவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பவே குளிக்க வுட்டுட்டா அப்பால தண்ணியத் திரும்பிக்கூடப் பாக்காது."

"அக்கா, பின்னல் போட்டிருக்கேன்கா!"

"பின்னலு வோணுமா, குதிர வோணுமா?"

கெசியா ரவி கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். "நான் எதையும் பாக்கல. சீக்கிரம் போங்க."

மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்த லாரி பின்புறம் ஒழுகிக்கொண்டு நின்றது. அடியில் நல்ல சேறு. எஸ்தர் பார்த்த மாத்திரத்தில் அதில் இறங்கினாள். இடப்பக்கம் புரண்டாள், வலப்பக்கம் புரண்டாள், நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். அளவெடுக்கப் பின்னாலேயே வந்த ரவி, நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இழுத்தும் தள்ளியும் ஒரு மணி நேரம் அசையவில்லை. அவளை எழுப்புவதற்குள் மைக்கில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். கழுவ நேரமில்லை. குப்பம்மா சாக்கால் சேணம் படும் இடத்தையும் வார் படும் இடத்தையும் மட்டும் மூன்று முறை அழுத்தித் துடைத்தாள். சும்மாட்டுக்கு அடியில் ஒரு மணல் மாட்டினால் என்ன ஆகும் என்று கூடை சுமந்த தலைக்குத் தெரியும்.

வந்து நின்ற குதிரையைப் பார்த்துத் தனசிங் பக்கத்தில் இருந்தவரிடம், "எந்தப் பண்ணை சார் இது? அசிங்கமா இல்ல?" என்றார். பிறகு மேலே இருந்த தன் மகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

நாலு தடைகளை எஸ்தர் சேற்றைச் சிதறடித்துக்கொண்டே தாண்டினாள். ஐந்தாவது தண்ணீர்த் தொட்டி. கிட்டே வந்ததும் நடை குறைந்தது. தலையைத் தாழ்த்தினாள். கெசியா கண்ணை மூடினாள். வேலிக்கு வெளியே குப்பம்மா, "வூட்டுக்குப் போய்க் குந்தலாம்டீ, தாண்டு!" என்று கத்தினாள்.

பந்தியில் வயிறாரத் தின்றவன் அடுத்த இலையைப் பார்ப்பதுபோல எஸ்தர் தண்ணீரைப் பார்த்தாள். தாண்டினாள். சேறு ஒரு கட்டியாக நடுவர் மேஜையில் போய் விழுந்தது.

ஒரு கம்புகூட விழவில்லை. நான்காம் இடம். பச்சை ரிப்பனைக் கடிவாளத்தில் கட்ட வந்தவர் கைக்குட்டையால் பிடித்துக் கட்டினார்.

தனசிங் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரவியிடம் போனார். "தப்பா நினைக்காத ரவி. இந்தக் குதிரைய நான் கொடுக்கறதா இல்ல."

"நீ குடுத்தாலும் எனக்கு வாணாம் சார்," என்றான் ரவி. "பம்மல் ரோட்டுல எத்தினி பள்ளம் கீது தெரியுமா? மாப்ளயோட படுத்துக்கும். பொண்ணு வூட்டுக்காரனுக்கு யார் பதில் சொல்றது?"

தனசிங் திரும்பி வந்து குப்பம்மாவையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த போட்டிக்கும் இப்படித்தானா?"

"தண்ணி லாரிக்கு முன்னாடியே சொல்லிவெச்சிடு சார்," என்றாள் குப்பம்மா. "வண்டிய எடுக்கச் சொல்லு. பெரியவ அங்க ஒண்டியா குந்திகினு இருப்பா."