தரம் பிரித்தவர்

‘எளிமையானவர்’ என்று எழுதியதை மகள் அழுத்தி அடித்தாள். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. ஐந்தடி தள்ளி, அஞ்சலி மண்டபத்தின் நடுவே, பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பத்து மணிக்கு அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும், அதுவும் இவள்தான் பேச வேண்டுமாம்.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “இன்னுமா எழுதுறே? எளிமையானவர், அமைதியானவர், யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவர். போதாதா?”

“மூணுக்கும் ஒரே அர்த்தம்தான். இந்த ஆள் இருந்ததே யாருக்கும் தெரியலேன்னு அர்த்தம்.”

“இங்க வந்துமா உன் வாய் அடங்கல?”

அப்பாவிடம் இந்த மழுப்பல் எல்லாம் கிடையாது. டைல்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரம் பிரித்தவர். வீட்டிலும் அதே வேலைதான். மூன்றே வார்த்தைகள் வைத்திருந்தார். ‘தேவலை’ வருஷத்துக்கு ஒரு தரம், அதுவும் அம்மாவின் சமையலுக்கு வாய்த்தால் உண்டு. ‘கழிவு’ அண்ணனின் கணக்கு மார்க்குக்கு. மீதி உலகம் முழுக்க ‘சுமார்’. புது மாப்பிள்ளை சுமார், பக்கத்து வீட்டுக் குழந்தை சுமார், மழைகூட சுமார்.

பதினேழு வயதில் மகள் ஒரு வீட்டின் வரைபடம் வரைந்து அவரிடம் நீட்டினாள். கட்டடக் கலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் படத்தை டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார்த்தார். டைல்ஸைத் தட்டுவதுபோல விரல் மூட்டால் இரண்டு தட்டு தட்டினார்.

“சுமார். இதுக்குப் போய் அஞ்சு வருஷம் படிப்பாங்களா?”

கையெழுத்து விழவில்லை. அவளும் சண்டை போடவில்லை. தரம் பிரிக்கத் தெரிந்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பித் தொலைத்தாள். இருபத்தைந்து வருஷமாக ஒரு கம்பெனியில் அடுத்தவர்கள் வரைந்த படங்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறாள்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“அவர் ஒண்ணும் பெரிய ஆளு இல்லடி. எனக்குத் தெரியாதா? ஆனா வேலையில அவர் கண்ணு தப்பாது. அதை மட்டும் நாலு பேர் முன்னாடி சொல்லிடு. எனக்கு அது போதும்.”

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலை மேனேஜர் வந்தார். மகள் எழுந்து போய் அவரை ஓரமாக நிறுத்தினாள்.

“சார், அப்பா வேலையைப் பத்தி ஒரு வரி சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

“தங்கமான மனுஷன்மா.”

“வேலையைப் பத்தி, சார்.”

மேனேஜர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார். “ஒரு வேடிக்கை சொல்றேன், எழுதிடாதே. அவர் பிரிச்சு அனுப்புறதையெல்லாம் பின்னாடி ரெண்டு பேர் உக்காந்து திரும்பப் பிரிப்பாங்க. முதல் தரச் சரக்கையெல்லாம் சுமார்னு தள்ளிடுவாரு. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்திலேருந்தே அப்படித்தான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“சேச்சே! எந்த வாயால சொல்றது? பாவம், மனசு ஒடஞ்சிடாதா? அவர் தள்ளினதைத்தான் எங்க வீட்டு ஹால் முழுக்கப் போட்டிருக்கேன். பதினஞ்சு வருஷமாச்சு. ஒரு கீறல் விழல, அவ்வளவு நல்ல சரக்கு!”

அவர் சிரித்தார். அவள் பேனாவை மூடினாள். டைல்ஸைத் திரும்பப் பார்க்க இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். இவளைத் திரும்பப் பார்க்க எந்த நாதி இருந்தது? ஊரே கூடி இந்த மனுஷனின் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டது. இவர் வீட்டுக்கு வந்து இஷ்டத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

“நீ பேசும்மா, நேரமாச்சு,” என்றான் அண்ணன்.

பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றாள். முப்பது பேர் இருப்பார்கள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. ஒரே வாக்கியம். சொல்லிவிட்டால் அவளுக்கு அவள் திரும்பக் கிடைத்துவிடுவாள். முன் வரிசையில் அம்மா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, வாயைச் சற்றே திறந்தபடி, இவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா பெரிய ஆள் இல்ல,” என்றாள் மகள்.

யாரோ இருமினார்கள்.

“ஆனா அவர் கண்ணு ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. எதைப் பார்த்து என்ன சொன்னாரோ, அதோட தரம் அதுதான்.”

அம்மா உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவே பக்கத்தில் இருந்தவளிடம், “கேட்டீங்களா? நான் சொல்லல?” என்றாள். மேனேஜர் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

மகள் வந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.