நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு

இருப்பு அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் பெயர் வந்தவர்கள் மட்டுமே அந்த வருடம் ஊரில் இருப்பார்கள். பெயர்ப் பட்டியல் எக்செலில் இருந்தது. அறிக்கை வேர்டில் போக வேண்டும். அட்டவணையை வடிவம் குலையாமல் அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டுவது மங்கையர்க்கரசியின் வேலை.

போன வருடம் ஒட்டியபோது எழுத்துகள் சாய்ந்துவிட்டன. தேரடித் தெரு ஆட்கள் பங்குனி வரைக்கும் சாய்ந்தே நடந்தார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை. புகார்ப் படிவமும் சாய்ந்திருந்தது.

அதிலிருந்து அவள் ஒட்டுவதற்கு முன் விசைப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். யாரும் விடுபடக் கூடாது சாமி, என்பாள்.

அன்று ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும். மூன்று மணிக்கு எதிர் பெஞ்சில் இருமல் கேட்டது. பெஞ்சில் ஆள் கிடையாது. தினமும் கேட்கும் இருமல்தான். சூப்பரின்டெண்ட் தணிகாசலம் அதை வைத்துத்தான் கைக்கடிகாரத்தைத் திருத்துவார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். பட்டியலில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வந்தது. நடுவே கோடு மட்டும் சற்றுத் தடித்திருந்தது. அந்தக் கோட்டைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்தாள். மறைந்திருந்த வரி விரிந்தது.

பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களை ஒடுக்கி, கைகளை விலாவோடு சேர்த்து வைத்திருந்தார்.

"நீங்க யாரு?"

"நாப்பத்தொண்ணும்மா. சூசைமாணிக்கம்."

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"ஒம்பது வருசம். முன்னால இருந்த கிளார்க், ஒரு பக்கத்துல அடங்கலன்னு என்னைய மறைச்சு வச்சாரு. பிரிண்ட் எடுத்ததும் தொறந்து விடுறேன்னாரு. அதுக்குள்ள மாறுதல் வந்துட்டு."

"கோவம் வரலையா?"

"அவசரத்துல இருந்தாரு, பாவம்."

"வீட்ல?"

"என் தட்டக் கழுவிக் கவுத்தி வச்சிருக்கா. நெதம் போயிப் பாத்துட்டு வருவேன். அவளுக்குத் தெரியாது."

அவள் ஒட்டினாள். கட்டங்கள், கோடுகள், நிறம் எல்லாம் அப்படியே வந்தன. ஆனால் கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்கு விழுந்தது. கையெழுத்து முதல் பக்கத்துக்கு மட்டும்தான்; கையெழுத்து இல்லாத பக்கம் செல்லாது. அது பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தை. பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த அழுகை நின்றது.

"சார், ரெண்டாம் பக்கத்துலயும் ஒரு கையெழுத்து வேணும்."

"ரெண்டாம் பக்கம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா," என்றார் தணிகாசலம்.

அவள் ஓர இடைவெளியைக் குறைத்தாள். அறையின் சுவர்கள் அரை அடி உள்ளே வந்தன. தணிகாசலம் வயிற்றை எக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். எழுத்தைச் சிறிதாக்கினாள். அவருடைய குரல் சிறுத்தது. அப்போதும் ஒரு வரிக்கு இடம் போதவில்லை.

"என்னைய மறைச்சிரும்மா," என்றார் சூசைமாணிக்கம். "எனக்குப் பழகிட்டு. பச்சப்புள்ளைக்குப் பழகாது."

முதல் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. தயாரித்தவர்: இரா. மங்கையர்க்கரசி. அலுவலகத்தார் பெயர் பட்டியலில் சேராது. அவள் ஊரில் இருந்தது அந்த ஒரு வரியில்தான்.

விசைப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வரியை அழித்தாள்.

பக்கத்துத் தெருவில் குழந்தை அழுதது.

தணிகாசலம் கையெழுத்துப் போட்டார். "வடிவம் கொஞ்சமும் கலையல. யாரு செஞ்சது இத?"

"நான்தான் சார்."

ஏதோ சத்தம் கேட்டதுபோல் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி," என்று சொல்லித் திருத்திக்கொண்டார்.

டீக்காரப் பவுனம்மாள் வந்தாள். "புதுசா இருக்கியளே அண்ணாச்சி," என்று சூசைமாணிக்கத்துக்கு ஒரு கிளாஸ் கொடுத்தாள். மங்கையர்க்கரசியின் நாற்காலியைக் காலி என்று கடந்து போனாள்.

"அங்கயும் ஒண்ணு வைய்யி," என்றார் சூசைமாணிக்கம்.

"அங்க யாரு இருக்கா?"

"இருக்காக. சூடா வைய்யி."

பவுனம்மாள் நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு மேசை ஓரத்தில் ஒரு கிளாஸை வைத்துவிட்டுப் போனாள்.

சூசைமாணிக்கம் எழுந்தார். வீட்டில் தட்டை நிமிர்த்த வேண்டும். வாசல் வரை போனவர் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு மூணு மணிக்கு வாரேம்மா."

பெஞ்சில் இப்போது இடம் இருந்தது. மங்கையர்க்கரசி கிளாஸை எடுத்துக்கொண்டு போய், முழங்கால்களை ஒடுக்கி உட்கார்ந்தாள். டீ சூடாகத்தான் இருந்தது.